அழகர் கோவில் சாலையில் வீடு கட்டும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதோடு டிசைனர் வரைந்து கொடுத்த படங்களும் வந்தன. கட்டிட வேலை பூச்சு வரை வந்துவிட்டது, இனி உள் அலங்காரம்தான் பாக்கி, அதற்கு அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் இன்னொரு வீடே கட்டிவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் படங்களைப் பார்த்துத் துள்ளுகிறாள். உங்கள் மாமியார் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் "வந்தவங்க எங்கே உட்கார்றது?" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார். அழகை விட்டுக்கொடுப்பதா, வசதியை விட்டுக்கொடுப்பதா என்று இருவருக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். பெயர் சொல்லாமல் பொதுவில் பதில் எழுதலாம் என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறேன். மதுரையைச் சுற்றி இன்று எழும்புகிற பெரிய வீடுகள் பலவற்றிலும் இந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் டிசைனர் இல்லை. வீடுகளைப் பார்த்து எழுதுகிறவன். கட்டியவர்களிடம் பேசுவதைவிட அவற்றைப் பெருக்கித் துடைக்கிறவர்களிடம் அதிகம் பேசுகிறவன். அதனால் என் பதில் துடைப்பத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்தப் படமும் எந்த மாதம் என்று சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கிறது, வெக்கை இல்லை. ஜன்னல் இருக்கிறது, கொசுவலை இல்லை. வாசலில் ஒரு ஜோடி செருப்புகூடக் கிடக்கவில்லை. உங்கள் மனை சாலைக்குக் கிழக்கே, மேற்கு பார்த்த வாசல். முன்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்கு முழுக் கண்ணாடி போட்டு, வெளிக்காட்சிக்காக என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார் டிசைனர். அழகர் மலை தெரிவது வடக்கே. கிழக்கே பார்த்தால் யானைமலை. மேற்கே தெரியப்போவது ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டின் தண்ணீர்த் தொட்டியும், மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரப்போகிற வெயிலும்தான்.

கண்ணாடி வேண்டும் என்றால் வடக்கே வையுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் வரும், சூடு அதிகம் வராது, மலையும் கிடைக்கும். மேற்கில் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டால் அவையே ஹாலுக்குக் குடை. பூச்சு முடிந்த வீட்டில் சுவரை நகர்த்த முடியாது என்பீர்கள். சரி, வெளியே ஆழமான ஒரு தாழ்வாரமாவது இறக்கலாம். அது உங்கள் மாமியாரின் கேள்விக்கும் பாதி பதில்.

அவர் கேள்வியை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. உங்கள் கடிதத்திலேயே கூர்மையான வரி அதுதான். நீங்கள் கட்டுவது எந்தச் சாலையில்? சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிறங்கி, அந்தச் சாலை வழியாகத்தான் மதுரைக்கு வருகிறார். வழிநெடுக அவர் நின்று வரும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். மூன்றுமாவடியில் ஊரே திரண்டு வரவேற்கும் எதிர்சேவை. அன்றைக்கு உங்கள் சொந்தபந்தம் முழுக்க உங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும், அழைப்பெல்லாம் வேண்டாம். ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம், நாற்பது டிகிரியைத் தொடும் வெயில், தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்த பாதங்கள், வாசலில் நீர்மோர், பானகம், உள்ளே ஓடும் பிள்ளைகள். டிசைனரின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஒரு நாளுக்குள் வைத்துப் பாருங்கள். எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உதாரணமாக ஹால் தரை. இத்தாலிய மார்பிள் என்று போட்டிருக்கிறார். மார்பிள் சுண்ணாம்பு இனத்துக் கல், கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் அரிக்கும். மோரும் எலுமிச்சம்பழமும் ரசமும் புளிக்குழம்பும் அதற்குப் பகை. அதாவது நம் சாப்பாட்டில் முக்கால்வாசி. மேலே படிந்த கறை என்றால் துடைத்து எடுத்துவிடலாம். இது பாலிஷே கரைந்துபோன தழும்பு. மறுபடி மெஷின் வைத்துத் தேய்த்தால்தான் போகும். மஞ்சளும் குங்குமமும் கல்லுக்குள்ளேயே இறங்கிவிடும். மார்பிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாடியில் போடுங்கள், படுக்கையறையில் போடுங்கள். பந்தி நடக்கிற இடத்தில் போட்டால், விருந்தாளி டம்ளரைச் சாய்க்கும்போதெல்லாம் உங்கள் முகம் மாறும். வந்தவர்களும் அதைக் கவனிப்பார்கள்.

அடுத்து அந்த இருபதடி உயர ஹால். "திருமலை நாயக்கர் மகால் ஃபீல்" என்று டிசைனர் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார். மகாலை நானும் கொண்டாடுகிறவன்தான். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டியது, அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துவிட, மிஞ்சிய பகுதியை 1866-72-ல் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்துக் காப்பாற்றினார். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஒரு பங்கு மட்டுமே. ஒருநாள் மதியம் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். தூண்களுக்கு நடுவில் ஏன் குளுமையாக இருக்கிறது என்று யோசியுங்கள். அந்த உயரம் தனியாக நிற்கவில்லை. நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம், அதைச் சுற்றிச் சுவரே இல்லாத தூண் வரிசை, கனத்த செங்கல் கட்டுமானம், மேலே ஏறிய சூடான காற்று வெளியேற வழி. எல்லாம் சேர்ந்துதான் அந்த உயரத்துக்குப் பொருள் கொடுக்கின்றன. உங்கள் படத்தில் உயரம் மட்டும் இருக்கிறது. நாலு பக்கமும் அடைத்து, மேற்கே கண்ணாடி வைத்து, உள்ளே ஏ.சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதுக்கு முப்பது ஹால், பத்தடி உயரம் என்றால் 6,000 கன அடி. இருபதடி என்றால் 12,000. நீங்கள் உட்கார்ந்திருப்பது கீழே ஆறடிக்குள். மேலே சேர்கிற வெக்கை மாடிப் படுக்கையறைச் சுவர்களைத்தான் போய்ச் சுடும். உயரம் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், ஹாலின் மேல் இடைத்தளம் போட்டுவிட்டு, அதை மாடிப்படியின் மேல் மட்டும் வைத்து, உச்சியில் திறந்து மூடுகிற ஜன்னல்களைப் போடச் சொல்லுங்கள். அங்கே தொங்கப்போகிற சரவிளக்கைக் கீழே இறக்க மோட்டார் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு அதன் ஒவ்வொரு கண்ணாடித் துண்டிலும் படிந்த புழுதியைத் துடைக்க யார் சாரம் கட்டி ஏறுவது? உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை ஏணியில் ஏற்றுகிற வீட்டை அழகான வீடு என்று என்னால் எழுத முடியாது.

ஆடம்பரம் என்றால் இந்தப் பக்கத்தில் நமக்குக் கண்முன் இருக்கும் பாடம் செட்டிநாடுதான். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணம் அங்கே வீடாக வந்து நின்றது. பர்மா தேக்கு, இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண். எதிலும் கஞ்சத்தனம் கிடையாது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன.

ஆனால் அந்தப் பணக்காரர்கள் முற்றத்தை மூடவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில்தான் காற்றும் நடக்கும். கூரையில் நாட்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு அடுக்கினார்கள். வளவின் முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை அண்டாக்களில் பிடித்தார்கள். சுவரில் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் இழைத்து இழைத்துப் பளிங்காக்கினார்கள். கையை வைத்தால் இன்றைக்கும் சில்லென்று இருக்கிறது. நூறு வருஷமாகப் பெயின்ட் காணாத சுவர்கள் அவை.

தரைக்கு வருவோம். செட்டிநாட்டுத் தரைகளில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவது கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு, அச்சின் அறைகளுக்குள் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பு. அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்-மணல் தூவி, அதற்குமேல் கலவை போட்டு அழுத்தி மட்டம் பிடிப்பார்கள். காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். பதித்த புதிதில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆட்கள் நடக்க நடக்க, ஈரத்துணி போடப் போட மெருகேறும். சிலர் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான். விலையுயர்ந்த பொருள்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கடையிலிருந்து இறங்கிய நாளன்றுதான் அதன் உச்ச அழகு. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் இறங்குமுகம். இன்னொன்று, புழங்கப் புழங்க அழகாகும். தேக்கும் பித்தளையும் கருங்கல்லும் ஆத்தங்குடியும் சுண்ணாம்புப் பூச்சும் இரண்டாவது சாதி. பளபளக்கும் அக்ரிலிக் கதவு, தங்க நிறம் பூசிய பட்டி, துவைக்க முடியாத வெள்ளைத் துணி சோபா எல்லாம் முதல் சாதி. முதல் சாதியில்தான் அழகா வசதியா என்ற சண்டையே வரும். படங்களை எடுத்து, எந்தப் பொருள் எந்தச் சாதி என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் மகளும் மாமியாரும் நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமாகத்தான் நிற்கிறார்கள்.

ஆத்தங்குடியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். பதிக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். சாதாரண டைல்ஸ் பதிப்பவர் கையில் கொடுத்தால் மட்டம் கெடும். இதுவும் சிமென்ட்தான், ஆசிட் ஆகாது. பாத்ரூமில் போட்டால் பூவெல்லாம் வெளிறிப்போகும். இரண்டு கல் ஒரே மாதிரி இருக்காது. அதைக் குறையாக நினைக்கிறவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது.

செட்டிநாட்டை நான் முழுக்கத் தூக்கிப் பிடிப்பதாகவும் எண்ண வேண்டாம். 1942-ல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் பல குடும்பங்களின் வரவு நின்றது. அத்தனை பெரிய வீட்டைப் பெருக்கவும் ஓடு மாற்றவும் ஆளில்லை. பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் மழை உள்ளே இறங்கியது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. பராமரிப்புக்கு ஆளும் பணமும் அற்றுப்போனால் எவ்வளவு புத்திசாலித்தனமான வீடும் இப்படித்தான் ஆகும். உங்கள் வீட்டில் இருக்கப்போவது நாலு பேர். மகள் படிப்பு முடிந்து வெளியூர் போனால் மூன்று பேர். படத்தில் இருக்கிற ஏழு பாத்ரூம் எதற்கு?

அந்தப் பழம்பொருள் கடைகளிலிருந்துதான் உங்கள் டிசைனர் இரண்டு தேக்குத் தூண்களை வாங்கச் சொல்லியிருக்கிறார், டி.வி.க்கு இரண்டு பக்கமும் நிறுத்துவதற்கு. நூறு வருஷம் கூரையைச் சுமந்த தூண், தலைக்குமேல் ஒன்றுமில்லாமல் டி.வி.க்குக் காவல் நிற்கிறது! வாங்குங்கள், ஆனால் வெளியே கொண்டுபோய் நிறுத்துங்கள். நான் முன்னே சொன்ன மேற்குத் தாழ்வாரத்தை அந்தத் தூண்கள் தாங்கட்டும். அதன்கீழ் ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை கட்டி மேலே கருங்கல் பாவுங்கள். அழகர் வரும் நாளில் இருபது பேர் அதில் உட்காரலாம். மற்ற நாளில் உங்கள் மாமியார் உட்காருவார். ஹாலுக்கு வெயிலும் தடுக்கும். தாழ்வாரமும் நிழலும் இன்றைய சொகுசுக்கு ஒத்துவருமா என்று மகள் கேட்டால், கோச்சடைக்கு அழைத்துப் போங்கள். இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970-களில் அங்கே வடிவமைத்த கிளப், இன்று ஹெரிட்டேஜ் மதுரை என்ற ஹோட்டலாக இருக்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அழகும் வசதியும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கக் கீழடி அருங்காட்சியகமும் பக்கம்தான். 2023 மார்ச்சில் திறந்தார்கள். கட்டிடத்தையே செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணில் கிடைத்த கூரை ஓடுகளில் விரலால் இழுத்த பள்ளங்கள் இருக்கின்றன, மழைத்தண்ணீர் வழிந்து ஓட. பார்த்தால் கோலம்போட்ட மாதிரித்தான் தெரியும்.

இப்போது சமையலறை. இதில்தான் எனக்குக் கோபமே வந்தது. முன்னால் பெரிய ஷோ கிச்சன். நடுவில் கல் மேடை, நாலு உயர ஸ்டூல், வெளிநாட்டு ஓவன். அதன் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஆறுக்கு எட்டில் "வொர்க் கிச்சன்", ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். தாளிப்பு, கருவாடு, கறிக்குழம்பு எல்லாம் உள்ளே. முன்னால் இருப்பதில் காபி மட்டும். பழைய வீடுகளிலும் அடுப்படி பின்கட்டில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பின்கட்டுக்கு வானம் இருந்தது, கிணறு இருந்தது, உட்கார்ந்து காய் நறுக்க நடை இருந்தது. இங்கே மிஞ்சியது வேலையும் வேர்வையும்தான். நடுத் தடுப்பை நகர்த்தி அளவை அப்படியே மாற்றிப் போடச் சொல்லுங்கள். பெரியது பின்னால், சின்னது முன்னால். பின்னால் இருப்பதற்கு இரண்டு பக்கம் ஜன்னல், புகையை வெளியே கொண்டுபோய்த் தள்ளும் குழாய் வைத்த சிம்னி, குண்டானைப் படுக்கப்போட்டுக் கழுவக்கூடிய ஆழமான சிங்க். மேடையின் உயரத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே நின்று சமைக்கப்போகிறவரின் முழங்கையிலிருந்து நாலு விரல்கடை கீழே என்று வையுங்கள். கிரைண்டருக்கு இன்னும் தாழ்வாக ஒரு மேடை. நீங்கள் சரவிளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் இத்தனையும் முடியும்.

மேடைக்குக் கருங்கல் போதும். புளிப்பும் சூடும் தாங்கும். கடையில் "காஷ்மீர் ஒயிட்" என்று காட்டினால் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது காஷ்மீர் இல்லை, நம் மேலூர்ப் பக்கத்துக் கல். அந்தக் கல்லுக்காக மேலூர் வட்டாரத்தில் குவாரிகள் விதிமீறித் தோண்டியது 2012-ல் மதுரையின் அன்றைய கலெக்டர் சகாயம் அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு ஊரறிந்த கதை. பிறகு அதை விசாரிக்க உயர்நீதிமன்றமே அவரை நியமித்தது. குவாரிப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குச் சமையல் மேடையின் விளிம்பைத் தேவையில்லாமல் இரட்டைக் கனத்துக்கு ஒட்டச் சொல்ல மனசு வராது. வேண்டிய அளவு வாங்குங்கள், வெட்டித் தள்ளிய துண்டுகளையும் கேட்டு வாங்கி ஜன்னல் திண்டுகளுக்குப் போடுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கறுப்புக் குழாயும் கண்ணாடித் தடுப்பு வைத்த ஷவரும் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். பளபளப்பு இல்லாத ஸ்டீல் குழாய், கண்ணாடிக்குப் பதில் அரைச்சுவர். சமையலறை மரவேலைக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளைவுட் கேளுங்கள், வார்ட்ரோபுக்கு ஐ.எஸ். 303 போதும். சிங்குக்கு அடியில் மரமே வேண்டாம், கடப்பா கல் நிறுத்துங்கள். கரையானுக்கு அங்கே வேலை இருக்காது. ஃபால்ஸ் சீலிங்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தை மொட்டை மாடியில் போடுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் மே மாதத்தில் மாடி அறையில் படுக்க முடியும். விருந்தாளி யாரும் அதைப் பார்த்துப் பாராட்டப்போவதில்லை. வீட்டில் நீங்கள் போடுகிற பணத்தில் மிக அதிகம் அனுபவிக்கப்போவது அதைத்தான் என்பது என் எண்ணம்.

மகளுக்காக ஒன்று விட்டுவைத்திருக்கிறேன். அவளுடைய அறையை அவள் இஷ்டப்படி செய்ய விடுங்கள், நீங்களும் நானும் தலையிட வேண்டாம். இளஞ்சிவப்பு வெல்வெட் நாற்காலி வேண்டுமென்றால் வாங்கட்டும். அந்த அறையை வாரம் ஒருமுறை அவளே துடைக்க வேண்டும் என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்

பி.கு.: டிசைனரின் கொட்டேஷனை மறுபடி புரட்டினேன். பொருள், அளவு, விலை, தொகை என்று கட்டங்கள் இருக்கின்றன. கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு பொருளையும் எதைக்கொண்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, யார் சுத்தம் செய்வது என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.